பொத்தானும் போத்தலும்

பந்தலுக்குள் ஐம்பது அறுபது பேர் இருந்தோம். கதிரைகளுக்குத் தட்டுப்பாடு, வயசாளிகள் சிலர் வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள், ஆனால் நடுவில் ஒரு மரக்கதிரை மட்டும் காலியாகவே கிடந்தது. யாருக்காவது இழுத்துப் போடலாம் என்று நான் கையை வைத்ததும் நண்பன் தடுத்தான். "அதை விடு மச்சான், அது இருக்கிறதுக்கில்ல, அடிக்கிறதுக்கு."

கொஞ்ச நேரத்தில் மெலிந்து உயர்ந்த ஒரு மனிதர், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அந்தக் கதிரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் பலகையின் நடுவில் ஒரு தட்டு. விரல் நுனியால் ஓரத்தில் இரண்டு தட்டு. நடுவில் தட்டினால் அடித்தொண்டையில் யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது, ஓரத்தில் தட்டினால் காய்ந்த கொள்ளி முறிகிற மாதிரி. பக்கத்தில் ஒரு பெண் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வாயோடு வாய் முட்டவிட்டாள். பத்து வயதுப் பையன் ஒருவன் வெறும் சோடாப் போத்தலை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டத் தொடங்கினான். டோலக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அவசரமே இல்லை. ஊஞ்சல் முதல் தடவை நகர்கிற வேகத்தில், ஒரு வயதான பெண்ணின் குரல் பாட்டை எடுத்தது, நான்கே நான்கு வரி, அதையே மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள், திரும்பவும் அவர், திரும்பவும் இவர்கள்.

இதற்கு அங்கே பெயர் மஞ்சா. இடம் சிரம்பையடி, புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகிற வழியில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சின்ன ஊர். என் நண்பனின் தங்கை மகளுக்கு அன்று காலை ஞானஸ்நானம், இரவு இந்தக் கொண்டாட்டம். இலங்கையில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒன்றாக வாழ்கிற இடங்களில் சிரம்பையடிதான் பலருக்கும் தெரிந்தது, அதுவும் சில டசின் குடும்பங்கள்தான். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் நீர்கொழும்பிலும் ஒன்றிரண்டு குடும்பங்கள் சிதறி இருக்கின்றன. 2012 குடிசனக் கணக்கெடுப்பின் அட்டவணையில் இவர்களைத் தேடினால் 'ஏனையோர்' என்ற கடைசி வரிக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும், அது எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி. எங்களுடைய சொந்த ஊர் மன்னார். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது நாங்கள் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுப் புத்தளம் பக்கம் வந்தோம். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். ஆக, என் வகுப்பில் பாதிப் பேர் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்த பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் இவன். தகப்பன் தமிழர், தாய் சிரம்பையடி. தமிழ் வகுப்பில் இவனைச் சேர்த்திருந்தார்கள். சுருட்டை முடி, எங்கள் எல்லோரையும்விட ஒரு முழம் உயரம். முதல் நாளே வகுப்பில் ஒருவன் "காப்பிலி" என்றான். அடுத்த நாளிலிருந்து அதுதான் அவன் பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வீட்டையும் ஊரையும் விட்டு வந்த பிள்ளைக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும், என்னை 'அகதி' என்று கூப்பிட்டார்கள், தெரிந்தும் கூப்பிட்டேன். ஒரு நாள் இடைவேளையில் அவன் என்னிடம் வந்து, சண்டைக்கு வராமல், "உனக்கு என்ர பேர் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். "அப்ப சொல்லு" என்றான். சொன்னேன். அதற்குப் பிறகு அவன் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டேன், இன்று வரைக்கும் சிநேகிதம்.

காப்பிலி, காப்பிரி, சிங்களத்தில் காபிரி, எல்லாம் ஒரே சொல்தான். அரபு மொழியில் காஃபிர் என்றால் இஸ்லாத்தை ஏற்காதவன். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் அரபு வியாபாரிகள் உள்நாட்டு மக்களை அப்படிச் சொல்ல, அங்கே போன போர்த்துக்கேயர் அந்தச் சொல்லைப் பொறுக்கிக்கொண்டு ஆசியா முழுக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்று இதை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் நீதிமன்றம் வரைக்கும் போகும். சிரம்பையடியில் நிலைமை வேறு, அங்கே பெரியவர்கள் தங்களைத் தாங்களே எந்தக் கூச்சமும் இல்லாமல் காபிரி என்றுதான் சொல்கிறார்கள், அது தங்கள் சனத்தின் பெயர் என்கிறார்கள். அவர்கள் சொல்லலாம். என் வாயால் அதை இனிச் சொல்வதில்லை என்று நான் எடுத்த முடிவு என்னுடையது.

சரி, இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? வந்தார்கள் என்பதைவிடக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதே சரி. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தவர்கள், அவர்களுக்கு மொசாம்பிக்கிலும் கோவாவிலும் கோட்டைகள் இருந்தன, அந்த வழியாக ஆப்பிரிக்கர்களைச் சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் கப்பலில் ஏற்றினார்கள். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள், கோட்டை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். இரவானதும் அந்த அடிமைகளைக் கொழும்பின் பேரை வாவி சூழ்ந்த ஒரு நிலத்துண்டில் கொண்டுபோய் அடைப்பார்களாம், தப்பி நீந்திப் போகாமலிருக்க வாவியில் முதலை விட்டிருந்தார்கள் என்றும் சொல்வார்கள். தமிழில் நாம் கொம்பனித் தெரு என்று சொல்கிற இடம் அதுதான். ஆங்கிலத்தில் மிக அண்மைக்காலம் வரை அதற்கு 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றுதான் பெயர், அடிமைத் தீவு. புகையிரத நிலையப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தபடி எத்தனையோ வருடம் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன், அந்த அடிமைகளின் வம்சத்தில் வந்தவன் ஒருவன் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்து படித்தவனாக இருக்கலாம் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கண்டியில் இன்னொரு விஷயம். கிட்டத்தட்ட இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கில மாலுமி ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் புத்தகத்தில், இரண்டாம் இராஜசிங்கன் தன் உடம்புக்கு மிக அருகில் காவலாக வைத்திருந்தது ஆப்பிரிக்கர்களைத்தான் என்று எழுதுகிறார். சொந்தச் சனத்தைவிட அவர்களை அரசன் நம்பினான். பிறகு பிரித்தானியர். கண்டியைப் பிடிக்கக் காட்டுக்குள் சண்டை போடத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று, ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கிச் சிப்பாய்களாக்கினார்கள். பணம் கொடுத்து வாங்கிய மனிதனுக்குச் சீருடை போட்டுத் துவக்கையும் கொடுத்தார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். படைப்பிரிவுகள் கலைந்த பிறகு அந்தச் சிப்பாய்களை யாரும் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை. புத்தளத்தில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் அந்தப் பந்தலில் என்னைச் சுற்றி இருந்தவர்கள்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். பாடுகிற மொழி சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல், போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்து பிறந்த பேச்சு. ஆப்பிரிக்காவில் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மொழிக்காரர்களாகப் பிடிக்கப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் கதைக்க அந்த மொழிதான் இருந்தது, ஒல்லாந்தர் காலத்திலும் கொழும்பில் பரவலாகப் பேசப்பட்டது அதுதான். ஊஞ்சல் வேகத்தில் தொடங்கிய பாட்டு, மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ, யாரும் கைகாட்டாமலே வேகம் பிடித்தது. கதிரை முந்தியது, டோலக் அதைத் துரத்தியது, சிரட்டைகள் இரண்டுக்கும் நடுவில் புகுந்தன. அதுவரைக்கும் கரையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காலை அதிகம் தூக்குவதில்லை, பாதத்தை மண்ணில் அரைக்கிற மாதிரி நகர்த்தி, இடுப்பால்தான் ஆட்டம், கைகள் பாவாடை விளிம்பைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைக்கின்றன. ஆறு மாதக் குழந்தை ஒன்று, காலையில் ஞானஸ்நானம் வாங்கியதேதான், கை மாறி மாறி ஆட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. கடைசியில் பாட்டு வரியாக இல்லாமல் சத்தமாக மட்டும் ஆகி, ஒரே அடியில் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு வாங்கினார்கள். தண்ணீர்ச் செம்பு சுற்றியது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் கதை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் குரலெடுத்த அந்த வயதான பெண், நண்பனின் அம்மம்மா, தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசத் தொடங்கியதும் பிள்ளைகள் தாமாகவே காலடியில் வந்து குந்திவிட்டார்கள். தமிழிலும் ஆச்சி, சிங்களத்திலும் ஆச்சி என்பதால் எனக்கு முறை தேட வேண்டியிருக்கவில்லை, நானும் ஆச்சி என்றேன். பிள்ளைகளிடம் சிங்களத்தில் சொல்வார், பிறகு என் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொல்வார், புத்தளத்துத் தமிழ், நடுவில் ஒன்றிரண்டு சிங்களச் சொல். உப்பளத்தில் இரவுக் காவல் நின்ற பாட்டனைப் பற்றி. உப்பு அரசாங்கத்துச் சொத்தாக இருந்த காலம் அது, ஒரு கூடை உப்பு திருடினாலும் வழக்கு. பாட்டனுக்கோ பக்கத்துக் குடிசையில் கருவாடு போட உப்பில்லாமல் ஒரு பொம்பிளை இருப்பது தெரியும். ஒவ்வொரு இரவும் காவல் முடிந்து வரும்போது வேண்டுமென்றே ஈரச் சேற்றில் நடந்து, சப்பாத்தில் ஒட்டிய உப்பை அந்த வீட்டு வாசலில் தட்டிவிட்டு வருவாராம். "களவெடுக்கேல்ல மகன். சப்பாத்துத்தானே கழுவினவர்" என்றார் ஆச்சி. அந்தப் பொம்பிளையைத்தான் பிறகு கட்டினார். பிள்ளைகள் இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பார்கள், 'சப்பாத்து' என்ற இடம் வருவதற்கு முன்னமே எல்லாரும் காலை மண்ணில் தட்டத் தயாராக இருந்தார்கள்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "ஆச்சி, அந்தப் பாட்டில என்ன சொல்றீங்க?"

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். "ஒரு பாட்டுல கடல் வருது. ஒண்டுல குருவி. மிச்சம் எனக்கும் வடிவா விளங்காது மகன். அம்மா பாடினா, நாங்க பாடுறோம்."

அந்தப் பாஷை எப்படிப் போனது என்றும் அவரே சொன்னார். அவருடைய அம்மாவும் பெரியம்மாவும் வீட்டில் சிங்களமும் தமிழும் கதைப்பார்களாம், பிள்ளைகளுக்கு விளங்கக் கூடாத விஷயம், கடன், சண்டை, யாரோ பெண் ஓடிப்போன கதை, இப்படி ஏதாவது வந்தால் மட்டும் அந்தப் பாஷைக்கு மாறிவிடுவார்களாம். அப்படியே அது பெரியவர்களின் ரகசிய மொழியாகச் சுருங்கிப்போனது. ரகசியம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பாட்டை மட்டும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் பாட்டு இருந்தது.

இதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ செய்தது. பள்ளியில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிப்போட்ட சொற்கள் நினைவுக்கு வந்தன, போர்த்துக்கேயத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. "ஆச்சி, அந்தப் பாஷையில இதுக்கு என்ன?" என்று அந்த மரக்கதிரையைக் காட்டினேன். "கதேரா" என்றார். நாங்கள் கதிரை என்கிறோம். மேசையைக் காட்டினேன், "மேசா". ஜன்னலுக்கு "ஜனேலா". சப்பாத்துக்கு "சப்பாத்து" என்று நானும் அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிப் போனது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்லாம் பொருந்தவில்லை, சிலதை ஆச்சிக்கும் ஞாபகமில்லை. ஆனால் சாவி, அலுமாரி, கோப்பை, துவாய், வாங்கு, பாண், குசினி என்று நான் அடுக்கியதும் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கட பாஷை செத்துப்போச்சு எண்டுதான் நினைச்சன் மகன். உங்கட வாயில கிடக்கே."

நமக்கு இந்தச் சொற்களைப் போர்த்துக்கேயர் தந்தார்கள் என்றுதான் படித்திருக்கிறோம். தளபதியும் பாதிரியாரும் வந்து நம் பாட்டன்மாருக்குக் கதிரைக்குக் கதிரை என்று சொல்லிக்கொடுத்திருப்பார்களா? குசினியில் நின்று சமைத்தவர்கள், சாவிக்கொத்தோடு காவல் நின்றவர்கள், சப்பாத்துத் துடைத்தவர்கள், அந்த வீடுகளுக்கும் நம் சனத்துக்கும் இடையில் நாள் முழுக்கப் போய்வந்தவர்கள் வாயிலிருந்தும்தான் இவை நமக்கு வந்திருக்க வேண்டும். அவர்களில் ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். இது என் ஊகம், ஆனால் அந்தப் பந்தலில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

தாளத்துக்கும் இதே கதைதான். மஞ்சா கேட்டபோது முதல் தடவையாகக் கேட்கிற மாதிரியே எனக்கு இருக்கவில்லை, கால் தானாக ஆடியது, ஏன் என்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. தகிட தகிட, தகிட தகிட, இது பைலா. இலங்கையில் எந்தக் கலியாண வீடாக இருந்தாலும், தமிழரோ சிங்களவரோ பறங்கியரோ, இரவு பதினொரு மணிக்கு மேல் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடுகிற ஆட்டம் பைலாதான், கிரிக்கெட் மைதானத்தில் பப்பரே வாத்தியக்காரர் ஊதித் தள்ளுவதும் அதுதான். பைலா என்ற சொல்லுக்குப் போர்த்துக்கேயத்தில் ஆடுவது என்று பொருள். அதன் தாய் கஃப்ரிஞ்ஞா. அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள், காப்பிலி என்ற அதே சொல்லோடு போர்த்துக்கேயர் செல்லமாகச் சொல்லச் சேர்க்கிற விகுதி. ஆடியவர்கள் யார் என்பது ஆட்டத்தின் பெயரிலேயே எழுதியிருக்கிறது. மட்டக்களப்பில் தமிழ் பேசுகிற போர்த்துக்கேயப் பறங்கியர் இன்றும் கலியாணங்களில் வயலினும் றபான் என்கிற தோல்கருவியும் வைத்துக்கொண்டு கஃப்ரிஞ்ஞா ஆடுகிறார்கள்.

அதைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்து நாடு முழுக்கப் பரப்பியவர் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன். தமிழுக்கு எடுத்தவர்களில் முன்னோடி 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம். அப்புறம் ஏ. ஈ. மனோகரன், தமிழ்நாட்டில் சிலோன் மனோகர் என்று கொண்டாடப்பட்டவர், 'சுராங்கனி'யைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார். தமிழ்நாட்டில் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, பின் இருக்கையில் இருந்து முன் இருக்கையின் முதுகைத் தட்டிக்கொண்டு 'சுராங்கனி சுராங்கனி' பாடாத ஆள் ஒரு தலைமுறையில் இருந்திருப்பாரா? அந்த இருக்கையின் முதுகில் தட்டியதும் சிரம்பையடியின் மரக்கதிரையில் தட்டியதும் ஒரே அடிதான். எங்கே இருந்து வந்தது என்று தெரிந்து தட்டியிருந்தால் இன்னும் நல்லாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தியாவிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். குஜராத்தில் ரத்தன்பூர் மலையில் பாவா கோர் தர்காவைச் சுற்றி வாழ்கிற சித்திகள், தமால் என்று ஆடுகிறார்கள், கோமா என்றும் சொல்வார்கள், கிழக்காப்பிரிக்காவில் பறைக்கும் ஆட்டத்துக்கும் ங்கோமா என்று பெயர். மலுங்கா என்று வில் மாதிரி ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் யெல்லாப்பூர், ஹலியாள் காட்டுப் பக்கத்துச் சித்திகளுக்குத் தமாம் என்று ஒரு பறையும் ஆட்டமும். அங்கேயும் வீட்டு மொழி மாறிவிட்டது. தாளம் மாறவில்லை.

இப்போது மஞ்சாவை மேடைக்கும் கூப்பிடுகிறார்கள். நல்லதுதான், வருமானம் வருகிறது, இளம் பிள்ளைகள் பாட்டைப் பழக ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் ஒரு தடவை கொழும்பில் ஒரு விழாவில் பார்த்தேன், அறிவிப்பாளர் இவர்களை அறிமுகப்படுத்திய விதம் என்னவோ இன்று காலைதான் விமானத்தில் வந்து இறங்கியவர்கள் போல. எங்களுக்கு உடுப்புக்கூடத் தைத்துத் தந்தார்கள் மச்சான், இலை குழை அச்சடித்த துணி, என்று நண்பன் சொன்னான். ஆச்சி அதைப் போட மாட்டேன் என்று தன் பூப்போட்ட சட்டையோடும் பாவாடையோடும்தான் ஏறினாராம். ஏழு நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஏழு நிமிடத்தில் மஞ்சா ஊஞ்சல் வேகத்திலிருந்து ஓட்டத்துக்குப் போக முடியாது, ஆகவே ஓட்டத்திலேயே தொடங்கச் சொன்னார்கள். கதைக்கு அங்கே இடமே இல்லை. உப்பளத்துப் பாட்டனின் சப்பாத்து இல்லாமல் அடுத்த பாட்டைத் தொடங்க ஆச்சிக்கு மனம் வரவில்லை என்று சொன்னார்.

மன்னாரில் பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் நிற்கிறது, பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், யானை படுத்திருக்கிற மாதிரி. ஆப்பிரிக்க மரம் அது. அரபு வியாபாரிகள் கொண்டுவந்து நட்டது, 1477இல் என்று சொல்கிறார்கள். சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார், அதன் பட்டையில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த மரத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, தூரத்திலிருந்து சனம் வந்து படம் பிடிக்கிறது, எங்கள் ஊரின் பெருமை என்று நாங்களும் சொல்கிறோம். ஒரு மரத்துக்கு நாங்கள் கொடுத்த அந்த உரிமையை, 'எங்கள்' என்ற அந்தச் சொல்லை, பக்கத்து மேசைப் பையனுக்குக் கொடுக்க எனக்கு எத்தனை மாதம் எடுத்தது என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வாசிக்கிற உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், பள்ளியில் யாரையாவது இப்படிக் கூப்பிடுகிறார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அன்றிரவு கடைசிக் கதை பொத்தானைப் பற்றியது. அந்த உப்பளக் காவல்காரரின் தகப்பன் பட்டாளத்துச் சிப்பாய். பட்டாளம் கலைந்து அனுப்பியபோது சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களாம். ஒரு பித்தளைப் பொத்தானை மட்டும் பிய்த்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிட்டபோது வாயே திறக்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அந்தப் பொத்தான்தான் தலைமுறை தலைமுறையாக மஞ்சாவில் போத்தல் தட்டுவதற்கு. நாணயத்தால் தட்டினால் சத்தம் பிளந்துபோய்க் கேட்கும், அந்தப் பித்தளையால் தட்டினால் கோயில் மணி மாதிரி உருண்டு வரும் என்றார் ஆச்சி, கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்து அந்தச் சத்தத்தைச் செய்தும் காட்டினார். ஆச்சியின் கலியாணத்தன்று, பாட்டு உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, தட்டிக்கொண்டிருந்த அவருடைய தம்பியின் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. ஐம்பது பேர் ஆடிக்கொண்டிருந்த மண். லாம்பு வெளிச்சத்தில் விடியும்வரை தேடினார்கள், மாவரிக்கிற அரிதட்டைக் கொண்டுவந்து மண்ணை அரித்தார்கள். கிடைக்கவில்லை.

"பொத்தானுக்கு உங்கட பாஷையில என்ன ஆச்சி?" என்று கேட்டேன்.

"பொத்தான்தான்" என்றார்.

பிறகு இன்னும் இரண்டு பாட்டு. நான் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிட்டேன். காலையில் கண் விழித்தபோது பையன்கள் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மரக்கதிரையை மரத்தடிக்கு இழுத்து வைத்து ஆச்சி அதில் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. ஒவ்வொரு காலையும் பிடுங்கிய பிறகு, போத்தல் தட்டிய பையன் குழிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, விரலிடுக்கால் மெதுவாக விட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழியை மூடினான். நான்கு குழி முடிந்திருந்தது. "மற்றப் பக்கமும் பார்" என்று ஆச்சி சிங்களத்தில் சொன்னார்.